வரைபடம் இல்லாத நெஞ்சு

நுரையீரலில் திரவம் நிறைந்திருப்பவரால் பேச முடியாது. குரல்நாண்கள் அதிர்வதற்குக் காற்று வேண்டும். அது அவரிடம் இல்லை. வலித்தால் முனகுவதும் இயலாது. கடலடிப் பணியாளர்களுக்கு நிறுவனம் கொடுத்த பயிற்சிநூலின் தொடக்கத்திலேயே இச்செய்தி இருந்தது. நூலில் மற்றவற்றை மறந்தவர்கள் உண்டு. இதை மறந்தவர் இல்லை.

ரெக்ஸ்லின் மோத்தா அன்று பிற்பகல் அந்நிலையில்தான் அழுத்த அறைக்குள் படுத்திருந்தார். கன்னியாகுமரிக்குத் தெற்கே, கரை என்பது ஒலிபெருக்கியில் வரும் குரலாக மட்டும் எஞ்சியிருந்த தொலைவில், கப்பலின் நடுவயிற்றில் இருந்தது அவ்வறை. ஆழத்தின் அழுத்தம் நெஞ்சை நசுக்காமலிருக்க, இறங்குபவரின் நுரையீரலில் காற்றுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றிய திரவத்தை நிரப்பி அனுப்புவார்கள். ரெக்ஸ்லினுக்கு அது முதல் ஆழ இறக்கம். கடலடியில் கனிமக் கட்டிகளை அள்ளும் இயந்திரத்தின் உடைந்த பல்லை மாற்றிவிட்டு, கூண்டில் ஏறி மேலே வந்திருந்தார். அறையின் தடித்த கண்ணாடிக்கு வெளியே, அவர் மனைவியின் அண்ணன் ஜெபஸ்தியான் மச்சாது கயிற்றிருக்கையில் அமர்ந்திருந்தார்.

கயிறு என்று அங்கே எதுவும் இல்லை. ஒரு திரை, ஓர் ஒலிவாங்கி, ஒரு சிவப்புப் பொத்தான் ஆகியவையே இருந்தன. தூத்துக்குடிக் கடலில் முத்தும் சங்கும் குளித்த காலத்தில், குளிப்பவரின் கயிற்றை அவருடைய மச்சான் பிடிப்பது வழக்கம். தன் தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணனும் விரும்பமாட்டான் என்பது அதிலிருந்த நம்பிக்கை. நிறுவனம் இவ்வழக்கத்தைச் சோதித்துப் பார்த்து, விபத்து குறைவதைக் கண்டு, பணிவிதியாகவே ஆக்கிவிட்டது. ஒருவரை வேலைக்கு எடுத்தால் அவருடைய மச்சானையும் எடுத்தார்கள்.

"என்ன மாப்ள, எப்படி இருக்கு?" என்று ஜெபஸ்தியான் ஒலிவாங்கியில் கேட்டார்.

ரெக்ஸ்லின் படுத்திருந்த மேசையின் விளிம்பில் விரலால் ஒருமுறை தட்டினார். ஒரு தட்டு என்றால் நலம். இரண்டு என்றால் நலமில்லை. பிறகு, வாயில் குழாய் இருந்தபோதிலும், அரும்புமீசையைத் தடவி முறுக்குவதுபோல் பாவனை செய்தார்.

"முளைக்கட்டும்ல முதல்ல. அப்புறம் முறுக்கலாம்."

மருத்துவர் இளவேனில் உள்ளே வந்து திரையின் முன் அமர்ந்தார். கப்பலில் திரவம் நிரப்புவதும் வடிப்பதும் அவர் பொறுப்பு. மதுரைக்காரர், வேலையில் ஈடுபட்டிருக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார். எதிரிலிருப்பவரின் பயத்தைப் பேச்சால் தணிக்கலாம் என்பது அவர் நம்பிக்கை.

"வடிப்பைத் தொடங்கப் போறேன். மேசை அவரைச் சாய்க்கும், புரட்டும், தலைகீழாக்கூட வைக்கும். பதறாதீங்க. நுரையீரல் ஒரே பை இல்ல பாருங்க, அறை அறையா இருக்கு. எந்த அறைக்கு எந்தப் பக்கம் வாசல்னு தெரிஞ்சு சாய்ச்சாத்தான் திரவம் வழியும். வழிஞ்ச இடத்துல மேசையே வாயுவை ஏத்தும்."

"அப்படியே விட்டா என்ன டாக்டர்? நல்லாத்தானே இருக்கான்."

"விட முடியாது. இந்தத் திரவம் ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கும். கரியமில வாயுவை மட்டும் சரியா வாங்கிக்காது. அது ரத்தத்துல சேர்ந்துக்கிட்டே போகும். இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்குவார். அதுக்குள்ள வடிச்சாகணும்." விசையை அழுத்திவிட்டு அவர் புன்னகைத்தார். "உங்க மாப்பிள்ளைக்கு நான் எழுதினது விசேஷமான வடிப்பு, தெரியுமா?"

"என்ன விசேஷம்?"

"பொதுவா மூச்சுக்குழல் கீழே வந்து ரெண்டாப் பிரியும். வலது மேல்பகுதிக்குப் போற கிளை அந்தப் பிரிவுக்கு அப்புறம்தான் பிறக்கும். இவருக்குப் பிரிவுக்கு மேலேயே, குழலோட பக்கவாட்டுல பிறந்திருக்கு. கூடவே இன்னொண்ணு. இடது கீழ்ப்பகுதிக்குப் போற கிளை பாதியிலேயே அடைஞ்சுபோயிருக்கு. பிறவியிலேயே. அந்தப் பகுதிக்கு வாசலே கிடையாது. பக்கத்துத் திசு வழியாக் கசியுற காற்றுதான் அங்கே தேங்கி நிக்குது. தனித்தனியாவே அபூர்வம். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட இருக்கறதை நான் பார்த்ததே இல்ல."

"அவனுக்கா? சின்ன வயசுல ஒரு சளிகூடப் பிடிச்சதில்லையே."

"படமே இருக்கே."

திரையில் இலையுதிர்ந்த மரமொன்று தலைகீழாகத் தொங்கியது. அதன் தண்டின் பக்கத்தில், இருக்கக்கூடாத இடத்தில், ஒரு கிளை முளைத்திருந்தது. மேலே ரெக்ஸ்லினின் பெயர். அதன்கீழ் படம் எடுத்த தேதி. ஜெபஸ்தியான் தேதியைப் பார்த்தார். அது அவர் தங்கைக்கு மகள் பிறந்த நாள்.

அன்று காலை தங்கைக்கு வலி கண்டது. ரெக்ஸ்லின் மருத்துவமனை வாசலைவிட்டு நகர மறுத்தார். நெஞ்சுப் படத்துக்கு நிறுவனம் குறித்திருந்ததும் அதே காலை. தவறினால் அடுத்த ஆண்டுதான். கண்ணுக்கும் விரல்ரேகைக்கும் அடையாளச் சோதனை முன்பே முடிந்திருந்தது. நெஞ்சுக்கு அப்படி ஒன்று இல்லை. "நுரையீரல் எல்லாருக்கும் ஒண்ணுதான மாப்ள, நான் போய்ப் படுத்துட்டு வாறேன்" என்று ஜெபஸ்தியான் சொன்னார். கூடத்தில் ரெக்ஸ்லின் மோத்தா என்று கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார். கயிறு பிடிப்போர் ஆழத்துக்கு இறங்குவதில்லையாதலால் அவர்களுக்கு நெஞ்சுப் படம் எடுப்பதில்லை. மாலையில் மருமகளைக் கையில் வாங்கியபோது அவர் அதை மறந்தேபோயிருந்தார்.

"டாக்டர், அது என் நெஞ்சு."

"புரியுது. சொந்தக்காரங்களுக்கு அப்படித்தான் இருக்கும். நமக்கே வலிக்கற மாதிரி..."

"அதில்ல டாக்டர். அந்தப் படத்துக்குப் படுத்தது நான்."

இளவேனில் திரும்பிப் பார்த்தார். முகத்தில் புன்னகையின் மிச்சம் இருந்தது. அது மறைவதற்கு முன்பே அவர் கை சிவப்புப் பொத்தானைத் தேடிச் சென்று அழுத்திவிட்டது. அறைக்குள் மேசை நின்றது. ரெக்ஸ்லின் வலப்பக்கமாகச் சாய்ந்தபடி, வார்களில் பாதி தொங்கிக்கொண்டிருந்தார்.

"ஏன்?" என்றார் இளவேனில். பிறகு, "வேண்டாம், சொல்லாதீங்க, இப்ப நேரமில்ல" என்றார்.

"ஓட விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"இடது கீழ்ப்பகுதிக்குத் திரவமே போகாதுன்னு மேசைக்குச் சொல்லி வச்சிருக்கேன். ஏன்னா உங்களுக்குப் போகாது. அவருக்கு அங்கே நிறைஞ்சிருக்கும். எல்லாம் வடிஞ்சாச்சுன்னு நினைச்சு மேசை முழு வேகத்துல வாயுவை ஏத்தும்."

"ஏத்தினா?"

"கிழியும்."

உள்ளிருந்து இரண்டு தட்டுகள் கேட்டன. சற்றுப் பொறுத்து மீண்டும் இரண்டு.

ஜெபஸ்தியான் ஒலிவாங்கியை இழுத்தார். "ஒண்ணுமில்ல மாப்ள. மெஷின் டீ குடிக்கப் போயிருக்கு. வந்துரும்." அவருடைய குரல் அவருக்கே அயலாகக் கேட்டது. ஒலிவாங்கியை மூடிவிட்டு, "சாதாரண ஆளுக்கு உள்ள நிரலைப் போடுங்க டாக்டர்" என்றார்.

"அவர் சாதாரண ஆள்னு யார் சொன்னா? பத்து நிமிஷம் முன்னாடி வரை நீங்களும் சாதாரண ஆள்தான்." என்றார் இளவேனில். "அதோட, பொது நிரல்னு ஒண்ணு கிடையாது. ஒவ்வொருத்தர் படத்தையும் வச்சுத்தான் எழுதுறோம். படம் இல்லாத உடம்பை மேசை தொடவே தொடாது. அதை மாத்தக் கரையில அனுமதி கேட்டு வாங்க நாளைக்கு ஆயிடும்."

"கையால வடிக்க முடியாதா?"

"முடியும். ஒரு ஆள் உள்ள போய், அவரைக் கையால புரட்டி, நெஞ்சுல தட்டிப் பார்த்து, காதை வச்சுக் கேட்டு, எந்த இடம் நிறைஞ்சிருக்கு, எந்த இடம் காலியாச்சுன்னு சொல்லணும். ஆனா உள்ள அறுபது மடங்கு அழுத்தம். வாயுவோட ஒருத்தரை அந்த அழுத்தத்துக்குக் கொண்டுபோக ரெண்டு நாள் ஆகும். திரவம் நிரப்பினா அரை மணி நேரம் போதும்."

"நிரப்பி அனுப்புங்க. பிச்சையா எங்கே?"

பிச்சையா கப்பலின் மற்றொரு கடலடிப் பணியாளர். "கீழே இருக்கார். கூண்டு ஏறி வர ராத்திரி ஆகும்" என்றார் இளவேனில். "நான் போகலாம். என்னை நிரப்பலாம். திரும்ப வடிக்க முடியாது. எனக்குப் படம் இல்ல, வெளிய இருந்து கேட்டுச் சொல்லவும் வேற டாக்டர் இல்ல."

 அவருடைய பார்வை திரைக்குப் போய், உடனே விலகியது. அந்தப் பார்வை எதைத் தொட்டதென்று ஜெபஸ்தியான் கண்டுகொண்டார். கப்பலில் எஞ்சியிருந்தவர்களுள் ஒருவருடைய நெஞ்சுக்கு மட்டும் மேசைக்குள் வரைபடம் இருந்தது. அந்நெஞ்சுக்கென்றே எழுதிய நிரலும் இருந்தது. பெயர்தான் வேறு.

"என்னையே நிரப்புங்க" என்றார்.

"முழுசாக் கேளுங்க. உங்க இடது கீழ்ப்பகுதியில தேங்கியிருக்கற காற்று அழுத்தம் ஏறும்போது சுருங்கும். அறை வாயுவும் அதுல கசிஞ்சு சேரும். திரும்ப அழுத்தத்தை இறக்கும்போது அத்தனையும் விரியும். அதுக்கு வெளிய வர வழியில்ல. ரொம்ப மெதுவா, வாரக்கணக்குல இறக்கணும். கொஞ்சம் அவசரப்பட்டாலும் அந்த இடம் கிழியும்."

"இப்படி ஒரு நெஞ்சை எப்படி டாக்டர் வேலைக்கு எடுத்தீங்க?"

"தகுதியில்லைன்னுதான் முதல்ல எழுதினேன். கரையில ஏத்துக்கல. ஆளை மாத்த வேண்டாம், நிரலை மாத்துங்கன்னாங்க." அவர் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார். "மாத்தினேன்."

உள்ளிருந்து மறுபடியும் இரண்டு தட்டுகள்.

*

நிரப்புவதைப் பற்றிப் பயிற்சிநூல் இரண்டே வரிகளில் கூறியிருந்தது. தொண்டை மரத்துப்போகும், உடல் மறுக்கும், மறுப்பை மீறிச் சுவாசிக்க வேண்டும். ஜெபஸ்தியான் கடற்கரையில் பிறந்தவர். மூழ்கியவர்களைத் தூக்கி வந்திருக்கிறார். அவர்களுடைய வாயோரத்து நுரையைத் துடைத்திருக்கிறார். எந்த ஒன்று நேரக்கூடாதென்று அவர் உடல் பிறந்தது முதல் கற்றிருந்ததோ, அதையே இப்போது படுத்துக்கொண்டு ஏற்க வேண்டியிருந்தது.

திரவம் உடல்சூட்டில் இருந்தது. அதனால் அது எங்கே வந்திருக்கிறது என்பது தெரியவில்லை. காற்று எங்கே இல்லை என்பது மட்டும் தெரிந்தது. 'மாதாவே' என்று சொல்ல வாயெடுத்தார். சொல் பிறக்கவில்லை. கைகால்கள் வார்களை அறுக்க முயன்றன. இறுதியில் மார்பு தன் எதிர்ப்பைக் கைவிட்டு, ஒரு கனத்த மூச்சை உள்ளிழுத்தது. அவர் சாகவில்லை என்பது அவருக்கே நம்பமுடியாததாக இருந்தது.

"இழுங்க. விடுங்க. நல்லாருக்கீங்களா?" என்று இளவேனிலின் குரல் காதருகே கேட்டது.

நன்றாக இல்லை. எனினும் ஒருமுறை தட்டினார்.

பக்கத்துச் சிற்றறையில் அழுத்தம் ஏறி முடிந்து இடைக்கதவு திறந்தபோது, வாயிலிருந்து சென்ற குழாயை இழுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்தார். திரவத்தைச் சுழற்றிக்கொண்டிருந்த அக்குழாய் நாலடி நீளம்தான். அது எட்டும் தொலைவுக்குள்ளேயே எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். ரெக்ஸ்லின் அவரைக் கண்டதும் கண்களை அகல விரித்தார். மச்சான் வாயில் குழாயோடு ஏன் வருகிறார் என்பதை அவரால் கேட்க இயலாது. இவராலும் சொல்ல இயலாது. ஜெபஸ்தியான் அவர் தலையில் கைவைத்தார். பிறகு, இல்லாத மீசை ஒன்றை முறுக்கிக் காட்டினார்.

ரெக்ஸ்லின் சிரிக்கவில்லை. மேசையில் இரண்டுமுறை தட்டினார்.

"வலப்பக்கத்துலேருந்து ஆரம்பிப்போம்" என்றது குரல். "உட்கார வைங்க. கழுத்தெலும்புக்குக் கீழே தட்டுங்க. என்ன சத்தம் வருதுன்னு நான் கேட்டுச் சொல்றேன். உங்க காதுல இருக்கற ஒலிவாங்கி போதும்."

நிறைந்த இடம் ஈரமணல் மூட்டையைத் தட்டினாற்போல் ஒலித்தது. திரவம் குழாய்வழியே இறங்க, அதே இடம் சிறிது சிறிதாக ஓசை மாறி, வெற்றுத் தகரடப்பாவின் உள்ளொலியைத் தந்தது. "காலி" என்றார் இளவேனில். ஜெபஸ்தியான் ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் புரட்டினார், முதுகில் காதை வைத்தார். "காலி. இதுவரை பாடப்புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கார். இதுவரை."

ஒவ்வொரு முறையும் அந்த 'இதுவரை'யைக் கேட்டு ஜெபஸ்தியான் காதை இன்னும் அழுத்தி வைத்தார். இந்த உடலுக்குள்ளும் எவரும் பாராத ஒரு கிளை எங்கேனும் முளைத்திருக்கலாம். தோலின் மேல் காதை வைத்துக்கொண்டு, அதற்கடியில் இருப்பது இன்னதென்று அறியாமல் இருப்பது எத்தகைய அச்சம் என்பதை அவர் அதற்குமுன் நினைத்துப் பார்த்ததில்லை.

எஞ்சியது இடது கீழ்ப்பகுதி. அதற்குத் தலை தாழ, இடுப்பு உயர வேண்டும். அவர் ரெக்ஸ்லினின் இடுப்பைத் தம் தோளில் தாங்கினார். குழாய் இழுபட்டு, தொண்டையின் அடியில் எங்கோ கொக்கிபோல் மாட்டியது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

"வழியுது. ஆனா மெதுவா. பிடிச்சுக்கிட்டே இருங்க" என்றது குரல். "மேலே தூக்க முடியுமா?"

அவர் தூக்கினார். ரெக்ஸ்லினின் விரல்கள் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தன: இரண்டு, இரண்டு, இரண்டு. பிறகு ஒன்று. அது நலம் என்பதற்கான ஒன்றன்று. இரண்டாவதற்கு வலுவில்லாத ஒன்று. அதன்பின் தட்டு வரவே இல்லை.

"கரியமிலம் ஏறுது. மயங்குறார். விட்டுடாதீங்க, இப்ப விட்டா எல்லாம் போச்சு."

கத்த வேண்டும் என்று ஜெபஸ்தியானுக்குத் தோன்றியது. கத்துவதற்கு வேண்டிய பொருள் அவரிடம் இல்லை. எதையும் கேட்காத கடவுளிடமும் ஓசையின்றித்தான் முறையிட வேண்டியிருந்தது. ஒரு கையால் தாங்கி, மறுகையால் அந்த முதுகின் இடதுகீழ் ஓரத்தைத் தட்டினார். மணல். மறுபடி தட்டினார். மணல். தோள் மரத்துப்போன பிறகும் தட்டினார்.

தகரம்.

"காலி!" என்று இளவேனில் கூவினார். "கீழே இறக்குங்க. வாயு ஏத்துறேன். மெதுவா. மெதுவா..."

ரெக்ஸ்லினின் மார்பு எழுந்தது. தாழ்ந்தது. நெடுநேரம் போலத் தோன்றிய இடைவெளிக்குப் பின் அவர் இருமினார். இருமலின் முடிவில் ஒரு குரல் வந்தது; ஹீலியம் கலந்த வாயுவில் அது அணில் கீச்சிடுவதுபோல் இருந்தது.

"மச்சான்... டீ குடிச்சிட்டு வந்துருச்சா மெஷின்?"

ஜெபஸ்தியானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டும் ஓசையின்றித் திரவத்துக்குள் கரைந்தன.

அடுத்து ரெக்ஸ்லின் இறங்கி இடம் விட, ஜெபஸ்தியான் மேசையில் படுத்தார். இயந்திரக் குரல் அறிவித்தது: "ரெக்ஸ்லின் மோத்தா. வடிப்பு தொடங்குகிறது." மேசை அவரைச் சாய்த்தது, புரட்டியது, வலது மேல்புறத்தில் எவருக்கும் செய்யாத ஒரு கோணத்தில் நிறுத்தியது, இடது கீழ்ப்புறத்தைத் தொடாமல் விட்டது. ஒரு துளியும் தங்கவில்லை. தம் உடலை இவ்வளவு துல்லியமாக அறிந்த எதையும் அவர் சந்தித்ததில்லை. அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

*

மறுநாள் காலை, கரையிலிருந்து செயல்பாட்டு மேலாளர் கிருபாகரன் பேசினார். அறைக்குள் இருந்த இருவரும், வெளியே உறங்காத கண்களோடு இளவேனிலும் கேட்டார்கள்.

"நடந்தது ஆள்மாறாட்டம். சட்டப்படி பார்த்தா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பணும்" என்று அவர் இனிமையாகத் தொடங்கினார். "ரெக்ஸ்லின் விஷயத்துல வேற வழியில்ல. ஆனா ஜெபஸ்தியான் சார், உங்க விஷயம் வேற. உங்க நெஞ்சுக்குப் படம் இருக்கு. நிரல் இருக்கு. வடிச்சுப் பார்த்தாச்சு, பிசகே இல்ல. எங்க மருத்துவர்கள் ஆகாதுன்னு ஒதுக்கினவங்க நிறையப் பேர் இருக்காங்க. உங்களையே அனுப்பி எடுக்க முடிஞ்சதுன்னா இனி யாரையும் ஒதுக்கத் தேவையில்ல. அடுத்த இறக்கம் நீங்க இறங்குங்க. ஆள்மாறாட்டத்தை நாங்க மறந்துடுறோம்."

"அவர் இன்னும் அழுத்தத்துலேருந்தே வெளிய வரல சார்" என்றார் இளவேனில். "தேங்கின காற்று விரியுமான்னு தெரியாது. அதையே இன்னும் தாண்டல."

"தாண்டிடுவார்."

ஜெபஸ்தியான் ஒலிவாங்கியை நோக்கிக் குனிந்தார். "முடியாது" என்றார். அது கீச்சுக்குரலில் வெளிப்பட்டது. வேறொரு நாளாயிருந்தால் ரெக்ஸ்லின் சிரித்துப் புரண்டிருப்பார். இப்போது அவர் மச்சானின் தோளைப் பற்றிக்கொண்டார். "நான் இறங்கமாட்டேன் சார். கேஸ் போடுறதுன்னா போட்டுக்கங்க."



"அவசரமே இல்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் கிருபாகரன். "மூணு வாரத்துக்கு எப்படியும் அந்த அறையை விட்டு நீங்க வரப்போறதில்ல. டாக்டரும் பாவம், களைச்சிருக்காங்க. அவங்க ஓய்வெடுக்கட்டும். அழுத்தத்தை எவ்வளவு வேகத்துல இறக்கறதுங்கறதை இன்னையிலேருந்து நாங்களே இங்கேருந்து பார்த்துக்கறோம்."

தொடர்பு நின்றது. கண்ணாடிக்கு அப்பால் இளவேனில் விசைப்பலகையின்மேல் குனிந்து ஒரு விசையை அழுத்தினார், மறுபடி அழுத்தினார், திரையில் எதுவும் மாறவில்லை; பிறகு நிமிர்ந்து, அவர்களைப் பாராமல் நின்றார்.

"மச்சான், என்ன சொல்லுதான் அவன்?" என்று ரெக்ஸ்லின் கேட்டார். "வேகமா இறக்கினா உங்களுக்கு என்ன ஆகும்?"

ஜெபஸ்தியான் மூச்சை மெல்ல உள்ளிழுத்துப் பார்த்தார். அது எங்கெங்கோ சென்று நிறைந்தது. இடப்பக்கம், விலாவின் கீழ், ஓரிடத்தை மட்டும் அது சென்றடையவில்லை. அங்கே ஏதோ ஒன்று, மிகச் சிறிதாக, விரியத் தொடங்கியிருந்தது.